ரைசன் 7600க்கு ஏர் கூலரா, 360 ஏஐஓவா? கரூர் வெயில், ஏசி இல்லாத அறை

கேள்வி, 21 ஏப்ரல் 2024, மாலை 6.15

முதல் முறையாக கேமிங் பிசி கட்டுகிறேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். கடையில் விசாரித்தால், "நம்ம ஊர் வெயிலுக்கு லிக்விட் கூலர் இல்லாம ஓட்டினா ஆறு மாசத்துல ப்ராசஸர் போயிடும், 360 ஏஐஓ போட்டே ஆகணும்" என்கிறார். ஏஐஓ என்பது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்ந்தே வரும் லிக்விட் கூலர், 360 என்றால் மூன்று ஃபேன் மாட்டும் அளவு. அது 11,000 ரூபாய். பட்ஜெட் இடிக்கிறது என்றேன். கிராஃபிக்ஸ் கார்டை 3050க்கு இறக்கிக்கொள்ளச் சொல்கிறார். ஊர் கரூர். என் அறைக்கு மேலே மொட்டை மாடி, ஏசி கிடையாது. ஃபேன் காற்றிலேயே ப்ராசஸரைக் குளிர்விக்கும் ஏர் கூலர் போதுமா? அப்பாவிடம் "ஏர் கூலர் வாங்கணும்" என்று சொன்னால், "ஹால்லதான் ஒண்ணு இருக்கே, அதுக்கே தண்ணி ஊத்த ஆள் இல்ல" என்கிறார். விவரம் தெரிந்த அண்ணன்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில், 21 ஏப்ரல், இரவு 9.40

வேண்டாம் தம்பி. கிராஃபிக்ஸ் கார்டில் கை வைக்காதீர்கள், விளையாட்டில் ஃபிரேம் தருவது அதுதான். 7600க்கு 360 ஏஐஓ என்பது ஒரு டம்ளர் பால் காய்ச்சக் கல்யாண அண்டாவை வாடகைக்கு எடுப்பது போல.

கணக்கு இதுதான். 7600 பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். ஏஎம்டி கணக்கில் அது உண்மையில் இழுக்கக்கூடிய உச்சம் 88 வாட். எல்லாக் கோரும் (ப்ராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) முழு மூச்சில் ஓடினால்தான் அந்த 88 வரும். விளையாடும்போது பெரும்பாலும் அதற்குக் கீழேதான் நிற்கும். உங்கள் 4060 தனியாக 115 வாட். அதாவது கேபினெட்டுக்குள் பெரிய அடுப்பு கிராஃபிக்ஸ் கார்டுதான், ப்ராசஸர் சின்ன அடுப்பு. கடைக்காரர் சின்ன அடுப்புக்குப் பெரிய புகைபோக்கி விற்கிறார்.

"ஆறு மாசத்துல போயிடும்" என்பது பயமுறுத்தல். 7600க்கு ஏஎம்டி வைத்திருக்கும் வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறினால் மெஷின் அணைந்துவிடும். வெயில் காலத்தில் வேகம் குறையலாம், சத்தம் கூடலாம். அதற்காக ப்ராசஸர் செத்துப்போவதில்லை.

பெட்டியோடு வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலரிலேயே ஆரம்பிக்கலாம். அது இரைச்சல் போடும், கரூர் மே மாதத்தில் மூச்சு வாங்கும். அதனால் 4 ஹீட்பைப் (வெப்பத்தைக் கடத்தும் செப்புக் குழாய்) உள்ள ஒற்றை டவர் கூலர், அதாவது தகடுகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிய ஏர் கூலர் ஒன்று போடுங்கள். டீப்கூல் ஏகே400 மாதிரி. நான் வாங்கியபோது மூவாயிரத்துக்குள் வந்தது. மிச்சக் காசில் கேபினெட்டுக்கு நல்ல ஃபேன்கள்.

22 ஏப்ரல், காலை 7.05

நேற்று அவசரத்தில் எழுதினேன். நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லவில்லை.

ஊர் திருச்சி. எனக்கும் மொட்டை மாடிக்குக் கீழ் அறைதான். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் இரவு பதினொரு மணிக்கும் கொதிக்கும், சுவரைத் தொட்டால் தோசைக்கல் மாதிரி இருக்கும். ரைசன் 7 5800எக்ஸ் வைத்திருக்கிறேன். 7600 போல் அடக்கமானது இல்லை இது. 105 வாட் என்று பெயர், உச்சம் 142 வாட், வரம்பு 90 டிகிரி. 2021ல் கட்டியபோது நானும் 240 ஏஐஓதான் போட்டேன். மூன்றாவது கோடையில் பம்ப் நின்றது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எந்தப் பம்பும் ஒருநாள் நிற்கும். அதற்குப் பிறகு இரட்டை டவர் ஏர் கூலருக்கு மாறிவிட்டேன். ஆகவே இரண்டு பக்கமும் வாழ்ந்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன்.

நேற்று என் அறையில் 38 டிகிரி. ஒரு மணி நேரம் விளையாடிய பின் ப்ராசஸர் 78.

22 ஏப்ரல், இரவு 10.20

"லிக்விட் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் குளிர்ச்சிதானே?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள், கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஏஐஓவில் ஓடும் நீர் குளிர்ந்த நீர் இல்லை. பிரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் எதுவும் அதில் கிடையாது. ப்ராசஸர் மேல் இருக்கும் செப்புத் தட்டிலிருந்து வெப்பத்தை வாங்கி, குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தூக்கிப்போகிறது. அங்கே வெப்பத்தை எடுப்பது ஃபேன் தள்ளும் காற்று. உங்கள் அறைக் காற்று. ஏர் கூலரிலும் கடைசியில் வெப்பத்தை எடுப்பது அதே அறைக் காற்றுதான். நடுவில் வெப்பத்தைச் சுமக்கும் ஆள் மட்டும் வேறு.

ஏர் கூலரிலும் தண்ணீர் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. ஹீட்பைப் என்பது வெறும் செப்புக் கம்பி இல்லை. உள்ளே கூடான குழாய், காற்றை உறிஞ்சிவிட்டுச் சில சொட்டு நீர் விட்டு அடைத்திருப்பார்கள். இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் நீர் ஆவியாகும், ஆவி மேலே போகும், மூடியில் பட்டு நீராகும், திரும்ப வடியும். ஹீட்பைப்பிலும் அதே கதை. கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே கொதிக்கிறது அல்லவா, காற்றழுத்தம் குறைவு என்பதால். குழாய்க்குள் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு, ஆகவே 40, 50 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உள்சுவரில் ஒட்டியிருக்கும் செப்புத்தூள் படலம், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நீரைத் திரும்ப இழுத்துவரும். பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது, தேய ஒன்றும் கிடையாது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963ல் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார். விண்வெளிக்கு யோசித்த சாமான் இன்று நம் மேசையடியில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

ஆகவே, எந்தக் கூலர் போட்டாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே ப்ராசஸர் இறங்காது. பார்க்க வேண்டியது அறைக்கும் ப்ராசஸருக்கும் உள்ள இடைவெளி. வெளிநாட்டு வீடியோவில் 21 டிகிரி அறையில் 65 என்று காட்டினால் இடைவெளி 44. அதே மெஷினைக் கரூரில் 36 டிகிரி அறையில் வைத்தால் 80க்குப் பக்கத்தில் வரும். கூலர் கெட்டுப்போகவில்லை, ஊர் மாறியிருக்கிறது.

28 ஏப்ரல், பகல் 3.30

மேலே எழுதிய ஓர் எண் தவறு, திருத்துகிறேன்.

அறை 38 டிகிரி என்றேன். இன்று தெர்மாமீட்டரைத் தேடினால், அது கேபினெட்டுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்கு மின்சாரம் தரும் பெட்டி) விடும் சூட்டையும் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. எடுத்து முன்பக்க ஃபேனுக்கு ஒரு முழம் தள்ளி, நான் உட்காரும் உயரத்தில் வைத்தேன். அரை மணியில் 35க்கு இறங்கியது. எனவே என் இடைவெளி 40 இல்லை, 43. மூன்று டிகிரிதானே என்று விட்டுவிடக் கூடாது, கூலர்களுக்கிடையே நாம் அடித்துக்கொள்வதே நாலைந்து டிகிரிக்குத்தான்.

யாராவது இங்கே எண் போடுவதாக இருந்தால் அறை வெப்பத்தையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் ஊட்டிக்காரரும் வேலூர்க்காரரும் ஒப்பிட்டுச் சண்டை போட வேண்டியதுதான்.

28 ஏப்ரல், இரவு 8.50

பம்ப் நின்ற கதையைக் கேட்டிருக்கிறார்கள்.

அன்று வழக்கம்போல மெஷினைப் போட்டேன். விண்டோஸ் வந்தது, ஒரு நிமிடத்தில் எல்லாம் ஜவ்வு மாதிரி இழுத்தது. வெப்பம் 90ஐத் தொட்டு அங்கேயே நின்றது. ரேடியேட்டர் ஃபேன்கள் முழு வேகத்தில் கத்துகின்றன, ரேடியேட்டரைத் தொட்டால் குளுகுளு என்று இருக்கிறது. ஒரு குழாய் சுடுகிறது, இன்னொன்று சில்லென்று. நீர் ஓடவில்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம். கைவிரலைப் பம்ப் மூடியில் வைத்தேன். வழக்கமான அந்த மெல்லிய அதிர்வு இல்லை.

அடுத்து செய்ததைக் கவனியுங்கள், ஏஎம்4 சாக்கெட் (மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். திருகுகளைக் கழற்றிவிட்டு, ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் பம்ப் பிளாக்கை நேராக மேலே இழுத்தேன். இரண்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தப் பூசிய மூன்று வருடப் பேஸ்ட் பிசின் மாதிரி காய்ந்திருந்தது. "டக்" என்று வந்தது, ப்ராசஸரோடு சேர்ந்து வந்தது. சாக்கெட்டின் பூட்டு திறக்கவே இல்லை, ஆனாலும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அடியில் 1331 பின்கள். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று பின்கள் பயிர் சாய்ந்த மாதிரி ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. என் மகளின் மைக்ரோடிப் பென்சில், 0.7. லெட்டை எடுத்துவிட்டு அந்த முனைக் குழலைப் பின் மேல் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, தலைமுடி அளவு தலைமுடி அளவாக நிமிர்த்தினேன். முக்கால் மணி நேரம். சாக்கெட்டில் வைத்தபோது தானாக உள்ளே இறங்கியது. இன்றுவரை அதே ப்ராசஸர்தான் ஓடுகிறது.

செய்ய வேண்டிய முறை: கழற்றும் முன் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள். பிறகு அணைத்து, கூலரை இடமும் வலமுமாகத் திருகித் திருகி நெகிழவிட்டு, அதற்குப் பிறகே தூக்குங்கள். தம்பி, உங்கள் 7600க்கு ஏஎம்5 சாக்கெட். அதில் பின்கள் மதர்போர்டு பக்கம் இருக்கின்றன, ப்ராசஸர் மேல் இரும்புச் சட்டம் பூட்டியிருக்கும். இந்த ஆபத்து உங்களுக்கு இல்லை.

5 மே, மாலை 5.00

நேற்று கத்திரி ஆரம்பம். அறை 36.5. மெஷின் போட மனமில்லை.

5 மே, இரவு 11.15

போட்டேன். 79.

11 மே, காலை 10.30

மூன்று பேர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: "கேபினெட் கதவைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேன் வைத்தால் என்ன?" "வீட்டு ஏர் கூலரை அதன் பக்கம் திருப்பினால்?"

டேபிள் ஃபேன் வேலை செய்யும், நானே பம்ப் செத்த பிறகு புதுக் கூலர் வரும்வரை ஒரு வாரம் பெட்டியோடு வந்த கூலர் ஒன்றைக் கடன் வாங்கிப் போட்டு அப்படித்தான் ஓட்டினேன். கதவு திறந்தபோது கணிசமாகவே இறங்கியது. அதன் அர்த்தத்தைக் கவனியுங்கள்: கதவைத் திறந்தால் ஏழெட்டு டிகிரி இறங்குகிறது என்றால் குறை கூலரில் இல்லை, கேபினெட்டுக்குள் காற்றுப் போக வழியில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு அழகாக இருக்கும் கேபினெட்டுகளில் இதுதான் நடக்கிறது. முன்னால் வலைமுகம் உள்ளதாக வாங்குங்கள்.

ஆனால் திறந்தே வைக்காதீர்கள். தூசி ஒரு பக்கம். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. நேற்று புகை போட்டு முடித்துவிட்டு இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் இருப்பது வெறும் தூசி இல்லை, பழுப்பு நிறத்தில் கம்பளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஊதினால் போகாது. அடுக்களை எண்ணெய்ப் புகையும் அப்படித்தான். இரண்டு அங்குல பெயின்ட் பிரஷால் வருடி எடுத்த பிறகே ப்ளோயர். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஐஸ் குச்சியால் நிறுத்திக்கொள்ளுங்கள், காற்றில் கண்டபடி சுழலவிட்டால் பேரிங் கெடும். இதில் ரேடியேட்டர் இன்னும் மோசம். தகடுகள் நெருக்கம், ஃபேனைக் கழற்றாமல் எவ்வளவு அடைத்திருக்கிறது என்றே தெரியாது. என் 240ன் ஃபேன்களை முதல் முறை கழற்றியபோது ரேடியேட்டர் முகத்தில் அப்பளம் மாதிரி ஒரு படலம் உரிந்து வந்தது.

வீட்டு ஏர் கூலர் வேண்டவே வேண்டாம். அது நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. காற்றோடு ஈரமும், சமயத்தில் நேராகத் துளியும் வரும். நம் போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று அந்தக் கூலரின் புல் மேட்டில் படிந்த வெள்ளையைப் பார்த்தால் தெரியும். அது மதர்போர்டில் படிய வேண்டாம். அறையின் மறுகோடியில், மெஷின் பக்கம் திருப்பாமல், ஜன்னல் திறந்து வைத்து ஓட்டினால் அறை குளிரும். அந்த அளவு போதும்.

19 மே, மாலை 4.45

நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவரும் 5800எக்ஸ், 240 ஏஐஓ, மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது. என் பழைய நோட்டில் 2021ல் எழுதிய ஏஐஓ எண், பிறகு போட்ட ஏர் கூலரின் எண்ணைவிட 6 டிகிரி குறைவு. அதை நம்பித்தான் இத்தனை நாள், ஏஐஓ கொஞ்சம் மேல், ஆனால் காசுக்குத் தகாது என்று சொல்லிவந்தேன்.

இன்று அவர் மெஷினை முழுச் சுமையில் ஓட்டிவிட்டுக் காபி குடித்தோம். பத்தாவது நிமிடம் பார்த்ததைவிட நாற்பத்தைந்தாவது நிமிடம் 5 டிகிரி கூடியிருந்தது. ஏறிக்கொண்டே போய் அங்கே நின்றது. காரணம் எளிது. நீருக்கு வெப்பம் கொள்ளும் திறன் அதிகம், எடைக்கு எடை காற்றைவிட நான்கு மடங்கு. முதல் பத்து நிமிடம் வெப்பத்தை வெளியே தள்ளுவதைவிட உள்ளே சேர்த்து வைப்பதே அதிகம். நீர் முழுதாகச் சூடேறிய பிறகே உண்மை நிலை தெரியும். என் நோட்டைப் புரட்டினால், 2021ல் நான் ஓட்டியது பத்தே நிமிடம். அந்த 6 டிகிரியில் பெரும்பகுதி பொறுமையின்மைக்குச் சேர வேண்டியது.

இதிலேயே ஏஐஓவின் ஒரு நல்ல குணமும் தெரிகிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். வெப்பம் சட்டென்று எகிறும்போது நீர் அதை விழுங்கிவிடும், ஃபேன் விர்ரென்று ஏறி இறங்காது. ஏர் கூலரில் பிரவுசர் திறந்தாலே ஃபேன் பெருமூச்சு விடும். இதற்கு பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) ஃபேன் வளைவைத் திருத்தி, வெப்பம் ஏறினாலும் சில வினாடி தாமதித்து வேகம் கூட்டும்படி வைக்கலாம். நான் 65 டிகிரி வரை ஃபேனைப் பாதி வேகத்துக்கு மேல் விடுவதில்லை. வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். இரவு இரண்டு மணிக்குப் பக்கத்து அறையில் அம்மா தூங்கும் வீட்டில் அது சாதாரண விஷயம் இல்லை.

20 மே, காலை 6.50

இரவு படுத்துக்கொண்டே யோசித்தது. 5800எக்ஸில் தண்ணீர் போட்டும் ஏன் பெரிதாக இறங்குவதில்லை?

எட்டுக் கோரும் ஒரே சில்லுக்குள். அதன் பரப்பு சுமார் 80 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. ஊசிமுனை வெப்பம். அது முதலில் அந்தச் சில்லிலிருந்து மேல் மூடிக்கு வர வேண்டும், மூடியிலிருந்து பேஸ்ட்டைத் தாண்ட வேண்டும். நெரிசல் அங்கேதான். வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே ரோட்டை ஆறு வழிச்சாலை ஆக்கி என்ன பயன்? 7600 சில்லும் இந்த அளவுதான், ஆனால் கோர் ஆறு, வாட் குறைவு. ஆகவே அதற்குச் சுலபம்.

2 ஜூன், பகல் 12.10

கடுமையான மறுப்பு ஒன்று வந்திருக்கிறது, நியாயமானதும்கூட. கோவை நண்பர், ஐ9 14900கே, நாள் முழுக்க வீடியோ ரெண்டர். "ஏர் கூலர் போதும் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லாதீர்கள்."

ஒத்துக்கொள்கிறேன். அந்த ப்ராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் உச்சம் 253 வாட். மணிக்கணக்கில் அந்தச் சுமை என்றால் 360 ஏஐஓ நியாயம்தான், அதுவும் ஏசி அறையில். இன்னொரு இடமும் உண்டு: ஷூ பெட்டி அளவுக் கேபினெட். டவர் கூலர் உயரத்துக்கு இடமிருக்காது, ரேடியேட்டரை ஓரத்தில் மாட்ட வழியிருக்கும். என் முதல் நாள் "வேண்டாம்" என்பது 88 வாட்டுக்குச் சொன்னது. அதை எல்லா ப்ராசஸருக்கும் நீட்டாதீர்கள்.

ஏஐஓ போடுகிறவர்கள் மாட்டும் விதத்தைக் கவனியுங்கள். எந்த ஏஐஓவிலும் கொஞ்சம் காற்றுக் குமிழி இருக்கும், வருடம் போகப் போகக் குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிந்து குமிழி பெருகும். குமிழி எப்போதும் உச்சிக்குப் போகும். அந்த உச்சி ரேடியேட்டராக இருக்க வேண்டும், பம்பாக இருக்கக் கூடாது. ரேடியேட்டரைக் கேபினெட் தரையில் மாட்டி பம்ப் மேலே இருந்தால் கொடகொட என்று சத்தம் கேட்கும், பிறகு பம்ப் காய்ந்து ஓடும். மேலே மாட்டுவது சிறந்தது. முன்னால் என்றால் குழாய் முனை கீழே இருக்கட்டும். என்னுடையது முன்னால், குழாய் மேலே. பம்ப் நின்றதற்கு அது காரணமா என்று சாதிக்க மாட்டேன், ஆனால் இனி அப்படி மாட்ட மாட்டேன்.

ஏசி அறையில் ஏஐஓ "வியர்க்குமா" என்ற கேள்விக்கு: வியர்க்காது. அறையைவிடக் குளிர்ந்த பொருளில்தான் நீர் கோக்கும். ஏஐஓ ஒருபோதும் அறையைவிடக் குளிராது.

8 ஜூன், இரவு 9.30

கரூர் தம்பி ஒற்றை டவர் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருக்கிறார். 4060ம் கையில். அப்பாவுக்கு அட்டைப்பெட்டியைக் காட்டி "இதுதான் ஏர் கூலர்" என்றாராம். அவர் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணி எங்க ஊத்தறது?" என்று கேட்டாராம். இட்லிப் பானைக் கதையை அப்பாவுக்குச் சொல்லுங்கள், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

மாட்டும் முன் நான்கு வார்த்தை. கூலர் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரியுங்கள். "கழற்றிவிட்டு மாட்டவும்" என்று அதிலேயே எழுதியிருந்தாலும், உரிக்காமல் மாட்டிவிட்டு 95 டிகிரி என்று பதறி வந்த மெஷின்களை இரண்டு முறை என் கையால் திறந்திருக்கிறேன். பேஸ்ட் நடுவில் ஒரு சுண்டைக்காய் அளவு போதும். ஏஎம்5 மூடியின் ஓரம் பூனை கடித்த மாதிரி வெட்டுவெட்டாக இருக்கும், கூடுதல் பேஸ்ட் அங்கே வழியும். சாதாரணப் பேஸ்ட் மின்சாரம் கடத்தாது, பயமில்லை. திருகுகளை ஒரே பக்கம் முழுக்க முடுக்காதீர்கள், இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று.

கேபினெட் கண்ணாடிக் கதவைக் கழற்றியதும் கட்டில் மேல் வையுங்கள். டைல்ஸ் தரையில் நிறுத்தவே வேண்டாம். அந்தக் கண்ணாடியின் முனை டைல்ஸில் லேசாகத் தட்டினாலே மொத்தமும் சர்க்கரை மாதிரி உதிர்ந்துவிடும்.

உயரம் பார்த்தீர்கள்தானே? ஏகே400 என்றால் 155 மி.மீ. கேபினெட் அட்டையில் எத்தனை மி.மீ. கூலர் வரை இடம் என்று போட்டிருக்கும். நாக்டுவா என்எச்-டி15 வாங்க ஆசைப்பட்ட ஒருவருக்கும் இதே பதில்: அது 165 மி.மீ., எடை ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அருமையான சாமான், ஆனால் ஹாஸ்டலுக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் மெஷினைத் தூக்குகிற பையனுக்கு வேண்டாம். ஒற்றை டவர் போட்டிருந்தாலும் பயணத்தில் கேபினெட்டைப் படுக்க வைத்து, மதர்போர்டு தரையாக, கூலர் மேல்நோக்கி நிற்கும்படி கொண்டுபோங்கள்.

16 ஜூன், மாலை 6.20

ஈகோ மோடு பற்றி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். கூலர் வாங்கும் முன் இலவசமாகக் கிடைக்கும் கூலர் அது. ப்ராசஸர் இழுக்கும் வாட்டைக் குறைக்க பயாஸில் ஒரு தேர்வு. என் 5800எக்ஸை 65 வாட் வகைக்கு இறக்கினேன், உச்சம் 142லிருந்து 88க்கு வந்தது. நான் விளையாடும் விளையாட்டுகளில் ஃபிரேம் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை, வெப்பம் 79லிருந்து 68. கத்திரி முழுக்க அப்படியே ஓட்டியிருக்கலாம், மே கடைசியில்தான் செய்தேன். தம்பியின் 7600க்கும் 45 வாட் வகை உண்டு, உச்சம் 61 வாட். மே மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். ரெண்டர், கம்பைல் மாதிரி வேலைகளில் வேகம் குறையும், அங்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் எத்தனை நல்ல கூலர் போட்டாலும், மெஷின் தின்னும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள்தான் வெப்பமாக விழும். 350 வாட் இழுத்தால் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு டன் ஏசி சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியே தள்ளும், அதில் பத்தில் ஒரு பங்கு உங்கள் மெஷினுக்கே போய்விடும். ஏசி இல்லாத அறையில் அந்த 350ம் உங்கள் மேல்தான். நான் மெஷினை ஜன்னல் பக்கம் மாற்றினேன், பின்பக்கக் காற்று நேராக ஜன்னலைப் பார்க்கும்படி. ப்ராசஸருக்கு இரண்டு டிகிரிதான் மிச்சம். எனக்குச் சட்டை நனைவது நின்றது.

23 ஜூன், காலை 11.00

தூத்துக்குடியிலிருந்து கேட்டவருக்கு: கடற்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பது உண்மை, ரேடியேட்டரையும் டவரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. நிக்கல் பூசிய கூலர் வாங்குங்கள். கடல் பக்க ஜன்னலுக்கு நேராக மெஷினை வைக்காதீர்கள். வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிடத் தினம் கொஞ்சம் ஓட்டுவது நல்லது, சூட்டில் ஈரம் தங்காது.

30 ஜூன், இரவு 8.15

தம்பி போட்ட படத்தைப் பார்த்தேன். வயர் எல்லாம் அழகாகக் கட்டியிருக்கிறீர்கள், முதல் மெஷின் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அறை 34, ப்ராசஸர் 84 என்கிறீர்கள். இடைவெளி 50. 7600க்கும் அந்தக் கூலருக்கும் இது அதிகம். பேஸ்ட்டைச் சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கழற்றப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பொறுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்பக்க ஃபேனில் நடு வட்டமும் அதைத் தாங்கும் நான்கு கைகளும் கேபினெட்டுக்கு உள்பக்கம் தெரிகின்றன. ஃபேனில் அந்தக் கைகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும். உங்கள் பின்பக்க ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்து, கூலர் பின்னால் தள்ளும் சூட்டை மறுபடி அதன் முகத்திலேயே அடிக்கிறது. நான்கு திருகு, ஐந்து நிமிட வேலை. திருப்பி மாட்டிவிட்டு, அரை மணி நேரம் ஓட்டிய பிறகு எண் போடுங்கள். பத்து நிமிடத்தில் போடாதீர்கள்.

30 ஜூன், இரவு 10.40

அறை 34, ப்ராசஸர் 76. பேஸ்ட்டைத் தொடாதீர்கள் தம்பி.